பழைய பேஸ் ஆம்ப் வாங்கப் போறீங்களா? இதைப் படிச்சிட்டுப் பணத்தை அனுப்புங்க (எனக்கு 38,500 ரூபாய் போச்சு)

கோவத்துலதான் எழுதுதேன். எழுத்துப் பிழை இருந்தா பொறுத்துக்கிடுங்க. திருநெல்வேலி, தென்காசி பக்கத்துல கோயில் கொடை (திருவிழா) சீசனுக்குப் பழைய பேஸ் கிட்டார் ஆம்ப் (கிட்டார் சத்தத்தைக் கூட்டுத பெட்டி) தேடுத தம்பிமாரு நிறைய பேரு இருக்கீங்க. 38,500 ரூபாயைக் கொடுத்துட்டு நான் நிக்க மாதிரி நீங்க நிக்கக் கூடாது.

நான் கச்சேரிக் குழுல பேஸ் வாசிக்கேன். ஆடி மாசம் அம்மன் கோயில் கொடை, ஞாயித்துக்கிழமை சர்ச், நடுவுல சர்ச்ல சாப்பாடு போடுத அசனப் பண்டிகை, கல்யாண ரிசப்ஷன். வீட்டுல பழக 20 வாட்ல சின்ன ஆம்ப் ஒண்ணு இருக்கு, 8 இன்ச் ஸ்பீக்கர். ரூமுக்குள்ள அது தாராளம். கோயில் திடல்ல டிரம்ஸும் ரெண்டு கீபோர்டும் சேந்து அடிக்கும்போது நான் என்ன வாசிக்கேன்னு எனக்கே கேக்காது. பேஸ்ல தடிச்ச கம்பி 41 ஹெர்ட்ஸ். அந்த அடிச் சத்தத்தைத் திறந்தவெளியில தள்ள வாட்டும் வேணும், பெரிய கோனும் (ஸ்பீக்கர்ல அதிருத தாள்) வேணும். அதான் ஆம்பும் ஸ்பீக்கரும் ஒரே பெட்டில இருக்க 15 இன்ச் காம்போவா தேடினேன்.

பழைய சாமான் விக்கிற ஒரு ஆப்ல விளம்பரம் வந்துது. போட்டது வேற ஊர்ல இருக்க பழைய இசைக்கருவிக் கடை. "300 வாட், 15 இன்ச், ஒரிஜினல் ஸ்பீக்கர், கை படாத பீஸ்." போன் போட்டேன். அவன் பேசுன பேச்சைக் கேட்டா யாரும் நம்புவாங்க. விலையைப் பத்தி முதல்ல வாயே திறக்கல. "எந்த ஊருண்ணா, பாளையங்கோட்டையா? நானும் சர்ச் குவயர்ல வாசிக்கிறவன்தாண்ணா. நம்ம ஆளுக்கு நம்ம ஆளு ஏமாத்துவோமா?"ன்னான். என் குழுல எத்தனை பேரு, நாலு கம்பியா அஞ்சு கம்பியா, எல்லாம் விசாரிச்சான். அப்புறம் வீடியோ அனுப்பினான். நீலத் திரை முன்னால ஒரு பையன் உக்காந்து வாசிக்கான், சத்தம் கணீர்னு வருது. அந்தச் சத்தம் ஸ்பீக்கர்ல இருந்து வரலை, லைன்ல நேரா ரெக்கார்ட் பண்ணி வீடியோல ஒட்டினதுன்னு இப்பதான் புரியுது. பையன் மூச்சு விடுற சத்தம்கூட அதுல இல்ல, பாத்துக்கிடுங்க. "சாயங்காலத்துக்குள்ள போட்டா லாரில ஏத்திடுவேன், இன்னொருத்தர் கேட்டுட்டு இருக்காரு"ன்னான். ஜிபேல 38,500 போட்டேன். பார்சல் லாரி வாடகை தனி.

ஆம்ப் வந்துது. எங்க தெருல சுவரோட சுவர் ஒட்டின வீடுக, ராத்திரி சத்தம் வைக்க முடியாது. மெதுவா வச்சுப் பாத்தப்ப நல்லாத்தான் இருந்துது.

கொடை அன்னைக்கு வில்லுப்பாட்டு முடிஞ்சு நாங்க ஏறும்போது பத்து மணி தாண்டிட்டு. ஆம்ப்ல இருந்து நேரா மிக்சருக்குச் சத்தம் அனுப்புத சாக்கெட், அதான் டி.ஐ. அவுட், அதுல சத்தமே வரல. சரி, மேடைக்கு மட்டுமாவது கேக்கட்டும்னு வால்யூமைக் கூட்டினேன். ரெண்டாவது பாட்டுல தடிச்ச கம்பியைத் தொட்டா கோன் கர்ருனு இரையுது. மூணாவது பாட்டுல சத்தம் மொத்தமா நின்னுட்டு. ஊர்ப் பெரியவரு மேடைக்குக் கீழ வந்து நின்னு, "என்னலே, மத்தவன்லாம் வாசிக்கான், நீ மட்டும் சும்மா நிக்க?"ன்னு கேக்காரு. என்ன பதில் சொல்லுவேன்? அன்னைக்குச் சம்பளம் பாதிதான் வந்துது.

மறுநாள் ஜங்ஷன் பக்கத்துல மைக் செட் ரிப்பேர் பாக்க அண்ணாச்சிகிட்ட கொண்டு போனேன். பின்பலகையைக் கழட்டின உடனே சொல்லிட்டாரு: "தம்பி, இது ஒரிஜினல் ஸ்பீக்கர் கிடையாது." உள்ள இருந்தது பேச்சு பேசுத பாக்ஸுக்கு மாட்டுத ஸ்பீக்கர். காந்தத்துமேல 8 ஓம் (மின்தடை அளவு), 100 வாட்னு ஸ்டிக்கர். அந்த ஆம்ப் 4 ஓம் ஸ்பீக்கர் மாட்டினாத்தான் 300 வாட் தரும். 8 ஓம்ல கிட்டத்தட்டப் பாதிதான். அந்தப் பாதியையே இந்த 100 வாட் ஸ்பீக்கர் தாங்கல, காயில் கருகிட்டு. டி.ஐ. சாக்கெட்டுக்குப் போற வயரைக் கட் பண்ணியே வச்சிருக்கான்! தெரிஞ்சே வித்திருக்கான்.

அதுக்கப்புறம் அவன் சொன்ன கதைதான் இன்னும் வயித்தெரிச்சல். முதல்ல "டென்ஷன் ஆகாதீங்கண்ணா, பார்ப்போம்." பிறகு "ஜெனரேட்டர்ல போட்டீங்களா, அதான் போயிருக்கும்." ஸ்பீக்கர் போட்டோ அனுப்பின பிறகு "நீங்களே மாத்திட்டு என்கிட்ட சொல்றீங்களா?" நம்ம ஆளுன்னு சொன்ன அதே வாய். கடைசில யாரோ ஒரு பொம்பளைக் குரல், "அண்ணன் வெளியூர் போயிருக்காரு"ங்குது. ஆப்காரங்களுக்கு எழுதினா, வாங்குறவரும் விக்கிறவரும் பேசித் தீத்துக்கணும்னு ஒரே பதில், கமா மாறாம. நேத்து பாக்கேன், அதே நீலத் திரை வீடியோவைப் போட்டு அதே 38,500க்கு இன்னொரு விளம்பரம் ஓடுது.

எந்த இடத்துக்கு எத்தனை வாட், எத்தனை இன்ச்னு விளக்கமா எழுதணும்னுதான் உக்காந்தேன். இப்ப மனசு ஓடல. அவசரத்துக்கு இதை மட்டும் வச்சுக்கிடுங்க.

நேர்ல போங்க, உங்க பேஸோட போங்க. பின்பலகையைக் கழட்டச் சொல்லி ஸ்பீக்கர்ல உள்ள ஓமும் வாட்டும் ஆம்ப் பின்னால எழுதியிருக்கதோட ஒத்துப்போகுதான்னு பாருங்க. கழட்ட மாட்டேன்னா திரும்பி வந்துருங்க. கோனை ரெண்டு கையால மெதுவா சமமா அமுக்கிப் பாருங்க, உரசுத சத்தம் வந்தா வேண்டாம். தடிச்ச கம்பியை வால்யூம் வச்சு அஞ்சு நிமிஷமாவது வாசிங்க. டி.ஐ.யை மிக்சர்ல குத்திப் பாருங்க, டி.ஐ. நல்லா இருந்தா ஆம்ப் சின்னதா இருந்தாலும் கொடைல சமாளிச்சிரலாம். சில காம்போல எழுதியிருக்க வாட் வெளியில இன்னொரு ஸ்பீக்கர் பெட்டி மாட்டினாத்தான் கிடைக்கும், அதையும் கேளுங்க. வெளிநாட்டுல இருந்து வந்த பீஸ்னா 120 வோல்ட்டான்னு பாத்துட்டு பிளக்கைச் சொருகுங்க. பில் இல்லாம ஒரு ரூபா கொடுக்காதீங்க.

நான் 1915 நுகர்வோர் உதவி எண்ல புகார் பதிஞ்சாச்சு. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம குடியிருக்க மாவட்டத்துலயே நுகர்வோர் ஆணையத்துல வழக்குப் போடலாம், அவன் ஊருக்கு அலைய வேண்டாம். பொருளுக்குக் கொடுத்த பணம் 5 லட்சம் வரைன்னா கட்டணமும் கிடையாது. பிழைப்புக்குன்னு நாமளே வாசிக்க வாங்குன பொருளும் அதுல வரும். ஜிபே ரசீது, வீடியோ, ஸ்பீக்கர் போட்டோ எல்லாம் எடுத்து வச்சிருக்கேன். பாளையங்கோட்டைப் பக்கம் மனு எழுதித் தர ஆள் தெரிஞ்சா கீழ சொல்லுங்க. இதே நீலத் திரை வீடியோ வேற யாருக்கும் வந்திருந்தாலும் சொல்லுங்க, சேந்தே போடுவோம்.