அரக்க விண்மீன்களின் வேதியியலும் வேகமும்: அப்போஜி தரவுத் தொகுப்பு

முதுமையடைந்த விண்மீன்களின் வேதி இயைபையும் இயக்கத்தையும் ஒருசேரப் படிக்க விரும்புவோருக்கு, ஸ்லோன் டிஜிட்டல் வான் ஆய்வுத் திட்டம் 2021 டிசம்பரில் தன் 17ஆம் வெளியீட்டில் தந்த அப்போஜி தொகுப்பைவிடப் பயனுள்ள ஒன்றை நான் இதுவரை கண்டதில்லை. கட்டணம் கிடையாது; கணக்குத் தொடங்காமலே பயன்படுத்தலாம். நியூ மெக்சிகோவிலும் சிலியிலும் உள்ள 2.5 மீட்டர் தொலைநோக்கிகளில், துளையிட்ட அலுமினியத் தகடுகளில் 300 ஒளியிழைகளைக் கையால் செருகி, ஆறரை லட்சத்துக்கும் மேற்பட்ட விண்மீன்களின் அகச்சிவப்பு நிறமாலையைப் பதிவு செய்திருக்கிறார்கள். பால்வெளியின் தூசியை அகச்சிவப்பு ஒளி ஊடுருவும் என்பதாலும், முதுமையில் வீங்கிப் பெரிதான அரக்க விண்மீன்கள் நெடுந்தொலைவிலும் பிரகாசமாகத் தெரியும் என்பதாலும், காலக்ஸியின் மையப்பகுதி வரை இந்தத் தொகுப்பு எட்டுகிறது.

ஏதேனும் ஒரு விண்மீனின் பக்கத்தைத் திறந்தால், மூன்று உணரிகளின் பதிவு என்பதால் இரண்டு சிறிய இடைவெளிகளுடன் நிறமாலை விரிகிறது. 15,750 ஆங்ஸ்ட்ராம் (ஒளியின் அலைநீள அலகு) என்ற இடத்தை ஒட்டி ஆழமாக இறங்கும் மூன்று கோடுகள் மக்னீசியத்துக்கு உரியவை. இத்தகைய கோடுகளிலிருந்து ஏறத்தாழ 20 தனிமங்களின் அளவுகளைக் கணித்திருக்கிறார்கள். கோடுகளின் வலிமையைச் செம்மைப்படுத்தச் சூரியனுடன் அவர்கள் எடுத்துக்கொண்ட மற்றொரு விண்மீன், நம் பஞ்சாங்கத்தின் சுவாதி.

என்னை மிகவும் ஈர்த்தது கார்பன், நைட்ரஜன் விகிதம். விண்மீன் அரக்கனாக வீங்கும்போது அதன் வெளியடுக்கின் வெப்பச்சலனம் உள்ளே ஆழமாக இறங்கி, அணுவினையில் கார்பன் குறைந்து நைட்ரஜன் கூடிய பொருளை மேற்பரப்புக்குக் கொண்டுவருகிறது. இந்த மாற்றம் நிறையைப் பொறுத்தது என்பதால், விகிதத்திலிருந்து நிறையையும், நிறையிலிருந்து வயதையும் மதிப்பிட முடிகிறது. மேற்பரப்பின் ஒளியைக் கொண்டே விண்மீனின் வயதைக் கணிக்க முடிவது எனக்கு இன்றும் வியப்பளிக்கிறது.

இயக்கத்தைப் பொறுத்தவரை, பார்வைக்கோட்டு வேகம் இங்கேயே கிடைக்கிறது. வானில் குறுக்காக நகரும் வேகத்தைக் கணிக்கத் தேவையான கையா விண்கலத்தின் அளவீடுகளும் அதே அட்டவணையில் இணைக்கப்பட்டுள்ளன. சூரியனுக்கு அருகில் பெரும்பாலான விண்மீன்கள் பால்வெளியின் தட்டையான வட்டுடன் சேர்ந்து சுழல, சில மட்டும் நீண்ட நீள்வட்டப் பாதையில் செல்வதையும், அவற்றில் மக்னீசியம் போன்ற ஆல்பா தனிமங்கள் (ஹீலியம் அணுக்கருக்கள் சேர்ந்து உருவாகுபவை) குறைந்திருப்பதையும் ஒரே வரைபடத்தில் காணலாம். பால்வெளி முன்பு விழுங்கிய ஒரு சிறு காலக்ஸியின் எச்சங்கள் இவை என்று 2018இல் அறியப்பட்டது இத்தகைய தரவுகளால்தான்.

குறைகளும் உண்டு. அரக்க விண்மீன்களின் டைட்டானியம் அளவுகளை நான் நம்பிப் பயன்படுத்த மாட்டேன். குளிர்ந்த குறு விண்மீன்களுக்கும் இதே எச்சரிக்கை தேவை. ஒவ்வொரு வரியுடனும் வரும் தரக்குறியீடுகளைப் பார்க்காமல் அளவுகளை எடுத்தால் தவறான முடிவே கிடைக்கும். முழு அட்டவணை மிகப் பெரிய கோப்பு. ஆகவே புதியவர்கள் இணையத்திலேயே எஸ்க்யூஎல் (தரவுத்தளத்தில் தேடும் மொழி) வினவல் எழுதி, சில நூறு அரக்க விண்மீன்களை மட்டும் முதலில் எடுத்து, இரும்புக்கு எதிராக மக்னீசியத்தை வரைந்து பார்க்கலாம்.