மாஸ்டா எம்எக்ஸ்-5 (முதல் தலைமுறை, 1.6): கியர்பாக்ஸை இறக்கும் முன் அந்த ஓ-ரிங்கைப் பாருங்கள்

1989இல் வந்த முதல் தலைமுறை எம்எக்ஸ்-5 ஸ்போர்ட்ஸ் காரின் 1.6 லிட்டர் எஞ்சின் நெடுநாள் உழைக்கும். ஆனால் வயதான எந்த வண்டியிலும் ஆயில் கசிவு தப்பாது. பெல் ஹவுசிங்குக்கு (எஞ்சினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்து உறை) கீழே சொட்டினால் பல ஒர்க்‌ஷாப்களில் உடனே "கிராங்க் பின் சீல் போச்சு" என்பார்கள், அதாவது கிராங்க் ஷாஃப்டின் பின்முனையில் இருக்கும் ஆயில் சீல். அதற்கு கியர்பாக்ஸ், கிளட்ச், ஃப்ளைவீல் எல்லாம் கழற்ற வேண்டும். பெரும்பாலான வண்டிகளில் குற்றவாளி அந்த சீல் அல்ல, கேம் ஷாஃப்டின் சுழற்சி நிலையை அறியும் கேம் ஆங்கிள் சென்சாரின் ஓ-ரிங் (ஆயில் கசியாமல் அடைக்கும் ரப்பர் வளையம்).

சிலிண்டர் ஹெட்டின் பின்முனையில், ஃபயர்வாலை (எஞ்சின் அறைக்கும் கேபினுக்கும் நடுவே உள்ள தடுப்பு) ஒட்டி இருக்கிறது இந்த சென்சார். வெப்பத்தில் அதன் ஓ-ரிங் இறுகி, வட்டமாக இருந்த விளிம்பு தட்டையாகிவிடும். அதைத் தாண்டி வரும் ஆயில் ஹெட்டின் பின்சுவர் வழியே இறங்கி, பெல் ஹவுசிங்கின் அடியில் வந்து சொட்டுகிறது. கீழே படுத்துப் பார்த்தால் பின் சீல் போலவே தெரியும். எனவே முதலில் எஞ்சினின் பின்பக்கம் முழுவதையும் டிகிரீசர் போட்டுக் கழுவி, காயவிட்டு, கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு டார்ச்சும் சிறு கண்ணாடியும் வைத்து மேலிருந்து பாருங்கள். சென்சாருக்கு அடியில் ஈரம், அதற்கு மேலே காய்ந்திருந்தால் சந்தேகமே வேண்டாம். அதற்கும் மேலே, ஹெட்டை மூடும் டேப்பட் கவர் ஓரத்திலேயே ஈரம் என்றால் குற்றவாளி அந்தக் கவரின் கேஸ்கெட்.

ஓ-ரிங் மாற்றுவது எஞ்சின் ஆறிய பிறகு செய்யும் வேலை. காயில் பேக்கை (இக்னிஷன் காயில்களின் தொகுப்பு) கழற்றி ஒதுக்கினால் கை நுழைய இடம் கிடைக்கும். சென்சார் உடலிலும் ஹெட்டிலும் சேர்த்து ஒரே கோடாகக் கீறிக்கொள்ளுங்கள். இக்னிஷன் டைமிங் (பிளக் தீப்பொறி விடும் நேரம்) அந்தக் கோட்டில்தான் இருக்கிறது. கனெக்டரின் பிளாஸ்டிக் பழசாகி நொறுங்கும் நிலையில் இருக்கும், கிளிப்பை அழுத்தாமல் இழுக்காதீர்கள். பிடித்திருப்பது ஒரே ஒரு 12 மி.மீ. போல்ட். அதை எடுத்ததும் சென்சாரை லேசாக இடவலமாக அசைத்து நேராக இழுங்கள். கொஞ்சம் ஆயில் வழியும், அடியில் துணி வைத்திருங்கள். வெளியே வந்தபின் அதன் தண்டைத் திருப்பக் கூடாது. எப்படி வந்ததோ அப்படியே திரும்பப் போக வேண்டும்.

பழைய ஓ-ரிங் கடினப் பிளாஸ்டிக் போல உடைந்து வரும். பள்ளத்தில் கீறல் விழாமல் எடுத்து, துடைத்து, புதியதில் எஞ்சின் ஆயில் தடவிப் பொருத்துங்கள். இங்கே சூடு தாங்கும் விட்டான் ரப்பர் ஓ-ரிங்தான் போட வேண்டும். சாதாரண நைட்ரைல் ரிங்கும் அன்றைக்குக் கசிவை நிறுத்தும், ஆனால் அந்த மூலையின் சூட்டில் மறுபடி சீக்கிரம் இறுகும். விலை வித்தியாசமோ சொற்பம். ஓ-ரிங்கின் மேல் சிலிகான் சீலன்ட் பூசுவது வீண் வேலை.

கோட்டில் நிறுத்தி போல்ட்டை முடுக்கினாலும் டைமிங் லைட் (டைமிங்கைக் காட்டும் மின்னும் விளக்கு) போட்டே தீர வேண்டும். எஞ்சின் சூடான பின், எஞ்சின் அறையில் உள்ள டயக்னாஸ்டிக் பெட்டியில் TEN (டென்), GND (கிரவுண்ட்) என்று குறித்த முனைகளை ஒயரால் இணைத்தால், 850 ஆர்பிஎம் ஐட்லில் டைமிங் 10 டிகிரி (பிஸ்டன் மேல்முனையை எட்டும் முன்) வர வேண்டும். ஒயரை எடுக்க மறக்காதீர்கள்.

கேஸ்கெட்தான் என்றால், பிளக் குழிகளையும் பாருங்கள். உள்வளையம் இறுகினால் ஆயில் அங்கே தேங்கி மிஸ்ஃபயர் வரும். புது கேஸ்கெட்டை உலர்வாகவே வைத்து, முன், பின் கேம் கேப் மூலைகளில் மட்டும் துளி சீலன்ட். கவர் போல்ட்டுகளுக்கு 5 முதல் 9 நியூட்டன் மீட்டர் போதும். கசிகிறதே என்று மேலும் முடுக்குவதால்தான் ரப்பர் நசுங்குகிறது, அலுமினியத்தில் மரை போகிறது.

கவரில் இருக்கும் பிசிவி வால்வையும் (எஞ்சினுக்குள் சேரும் வாயுவை வெளியே எடுக்கும் வால்வு) கழற்றி ஆட்டிப் பாருங்கள். சத்தம் வராவிட்டால் அடைத்திருக்கிறது. உள்ளே அழுத்தம் ஏறினால் புது சீல்களையும் ஆயில் தள்ளிக்கொண்டு வரும்.

இந்த எஞ்சின் கொள்ளும் ஆயிலே சுமார் மூன்றரை லிட்டர்தான். கசிவு நிற்கும்வரை டிப்ஸ்டிக்கை அடிக்கடி பாருங்கள். மட்டம் இறங்கினால் ஆயில் அழுத்தத்தில் வேலை செய்யும் ஹைட்ராலிக் லிஃப்டர்கள் (வால்வுகளைத் தள்ளும் பாகங்கள்) டிக்டிக்கென்று தட்டும். இவ்வளவும் செய்தபின், மேலே காய்ந்திருந்தும் பெல் ஹவுசிங்குக்குள்ளிருந்து எஞ்சின் ஆயில் வந்தால் அது பின் சீலேதான். கசிவு மெல்லியதாக இருந்து, கிளட்ச் தட்டில் ஆயில் படாதவரை, அடுத்த கிளட்ச் மாற்றத்தோடு சேர்த்துச் செய்துகொள்ளலாம்.