ஈசிஎம் போச்சு என்றால் உடனே தலையாட்டாதீர்கள்

என்னுடையது சின்ன டீசல் லோடு வண்டி. காங்கேயம் களங்களில் கொப்பரை ஏற்றிப் பெருந்துறை ஏலத்துக்குக் கொண்டுபோவதுதான் பிழைப்பு. ஒருநாள் சென்னிமலை தாண்டியதும் ஓடிக்கொண்டிருந்த வண்டி பொசுக்கென்று நின்றது. செல்ஃப் சுற்றுகிறது, எஞ்சின் பிடிக்கவில்லை. சாவியைப் போட்டால் எப்போதும் எரியும் எஞ்சின் லைட்டும் எரியவில்லை.

கட்டி இழுத்துப்போய் ஒரு பெரிய ஒர்க்‌ஷாப்பில் விட்டேன். ஸ்கேனரை மாட்டினார்கள், தொடர்பே கிடைக்கவில்லை. "கம்ப்யூட்டர் போயிருச்சுங்ணா" என்றார் மெக்கானிக். எஞ்சினை ஓட்டும் கம்ப்யூட்டர் பெட்டியான ஈசிஎம்மைத்தான் சொன்னார். கரண்ட் வருகிறதா என்று கேட்டேன். ஈசிஎம் கனெக்டரைக் கழற்றி, மீட்டரை வைத்து 12.4 வோல்ட் காட்டினார். நானும் நம்பிவிட்டேன். வேறு பெட்டி மாற்றி, சாவிக்குக் கோடிங் போட்டு 42,500 ரூபாய். கொப்பரை விலை நன்றாக இருந்த நேரம், வண்டியை நிறுத்த முடியாது, கொடுத்தேன்.

இருபதாவது நாள் அதே இடத்துக்குப் பக்கத்திலேயே அதேபோல நின்றது.

இந்தமுறை தாராபுரம் ரோட்டில் பட்டறை வைத்திருக்கும் வயரிங்காரப் பெரியவரைக் கூப்பிட்டேன். அவர் ஸ்கேனரைத் தொடவே இல்லை. இரண்டு வயர் ஒட்டிய 21 வாட் இண்டிகேட்டர் பல்பு ஒன்றை எடுத்தார். ஒரு முனை பேட்டரி பிளஸ்ஸில், இன்னொன்று ஈசிஎம் கனெக்டரின் எர்த் பின்னில். பல்பு மஞ்சளாக மினுங்கியது, அவ்வளவுதான். அது எரியும்போதே பேட்டரி மைனஸுக்கும் அந்தப் பின்னுக்கும் நடுவே மீட்டரை வைத்தார். 4 வோல்ட்!

"இங்க பூஜ்யத்துக்குப் பக்கத்துல இருக்கோணும் கண்ணு. மீதி எட்டுல உன் கம்ப்யூட்டர் எப்படி முழிக்கும்?"

மீட்டர் இழுக்கும் கரண்ட் ஒன்றுமே இல்லை. ஒரே ஒரு இழை ஒட்டிக்கொண்டிருந்தாலும் அது 12 காட்டிவிடும். ஏறக்குறைய இரண்டு ஆம்பியர் இழுக்கும் பல்பைப் போட்டால்தான் வயரின் யோக்கியதை தெரியும். எனக்கு அன்றைக்குத்தான் இது புரிந்தது.

பேட்டரி ட்ரேக்குக் கீழே சேசிஸில் போல்ட் போட்ட எர்த் லக்கு, அதாவது எர்த் வயர் முனையில் இருக்கும் உலோக வளையம், ஆசிட் வடிந்து பச்சைக் களிம்பு பிடித்துக் கிடந்தது. இழுத்ததும் கையோடு வந்துவிட்டது. சுரண்டி, புது லக்கு அடித்து, கிரீஸ் தடவினார். பல்பு பளிச்சென்று எரிந்தது. கூலி 350 ரூபாய். பெட்டி மாற்றும்போது ஒயரை ஆட்டியதில் தற்காலிகமாக ஒட்டியிருக்கும், அதனால்தான் இருபது நாள் ஓடியது என்றார்.

அந்த ஒர்க்‌ஷாப்காரர் வேண்டுமென்றே ஏமாற்றினாரா, வேலை தெரியாமல் செய்தாரா, சொல்லத் தெரியவில்லை. ஆனால் பழைய பெட்டியைக் கேட்டபோது அவர் முகம் மாறியது. உங்களிடம் யாராவது ஈசிஎம் மாற்றச் சொன்னால், பிளஸ், எர்த் இரண்டையும் பல்பு போட்டுக் காட்டச் சொல்லுங்கள். கழற்றிய பெட்டியைக் கையில் வாங்காமல் பணம் கொடுக்காதீர்கள்.

நேற்றும் போன் செய்தேன். "அது எக்ஸ்சேஞ்சுல போயிருச்சுங்ணா" என்று வைத்துவிட்டார்.