இருபது வருட அட்டவணையைக் காட்டி என் தலையில் கட்டிய வங்கிப் பங்கு

"நூறு போட்டிருந்தா இன்னிக்கு 3,834 சார்." இந்த ஒரு வரியில்தான் நான் விழுந்தேன்.

சொன்னவர் ஒரு நிதி ஆலோசகர். நண்பர் ஒருவர் மூலம் அறிமுகம். மடிக்கணினியைத் திறந்து ஓர் எக்ஸெல் அட்டவணையைக் காட்டினார். முதல் வரிசையில் வருடம், அடுத்து விலை, போனஸ் (காசு வாங்காமல் தரும் கூடுதல் பங்கு), டிவிடெண்ட் (லாபத்திலிருந்து தரும் காசு). இருபதாவது வருடத்தின் கடைசிக் கட்டத்துக்கு மட்டும் மஞ்சள் அடித்திருந்தது. கண் வேறெங்கும் போகாது. அட்டவணையின் அடியில் வெளிர் சாம்பல் நிறத்தில் பொடி எழுத்தில் ஏதோ இருந்தது. பெரிதாக்கிப் பார்க்கத் தோன்றவில்லை.

"வங்கி எங்க சார் ஓடிப்போகப் போகுது? யானை மாதிரி. இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன்" என்றார். நானும் தலையாட்டினேன்.

இதில் ஒரு சங்கதி. அட்டவணை ஒரு பெரிய வங்கியுடையது, ஊரறிய ஜெயித்தது. அவர் என்னை வாங்க வைத்ததோ வேறொரு சின்ன வங்கியின் பங்கு. "அது ஏறிடுச்சு சார், இனிமே மெதுவாத்தான் போகும். அடுத்தது இதுதான்." ஒன்றின் கடந்த காலத்தைக் காட்டி இன்னொன்றின் எதிர்காலத்தை விற்கிறார் என்பது அப்போது எனக்கு உறைக்கவே இல்லை. நான்கு வருடச் சேமிப்பில் பெரும்பகுதியை அந்த ஒரே பங்கில் போட்டேன்.

முதல் வருடம் லேசாக ஏறியது. அப்புறம் வாராக் கடன் செய்திகள் வர ஆரம்பித்தன. நான் 100க்கு வாங்கியதாக வைத்துக்கொள்ளுங்கள். 60க்கு வந்தபோது போன் செய்தேன். "சூப்பர் சார், ஆவரேஜ் பண்ணிடுங்க" என்றார். குறைந்த விலையில் இன்னும் வாங்கி, சராசரி விலையை இறக்கச் சொல்கிறார். முதலில் போட்டதில் பாதியளவு பணத்தை மறுபடி போட்டேன். விலை 20க்குப் போனது. போட்ட மொத்தத்தில் கால்பங்குகூட மிஞ்சவில்லை. டிவிடெண்ட் நின்றது. மூலதனம் போதாமல் வங்கி புதுப் பங்குகளை மலிவாக வெளியிட, என் பங்கின் கனம் இன்னும் குறைந்தது. ஐந்து மடங்கு ஏறினால்தான் நான் முதலில் வாங்கிய விலையே வரும்.

ஒவ்வொரு முறையும் அவர் சொன்னது ஒன்றுதான்: "லாங் டெர்ம் சார். இருபது வருஷம் பொறுக்கணும்." கவனியுங்கள், இருபது வருடம் முடியும்வரை அவர் சொன்னது தப்பு என்று நம்மால் நிரூபிக்கவே முடியாது. கமிஷன் மட்டும் அன்றன்றைக்கே அவருக்குப் போய்விடுகிறது.

ஒரு ராத்திரி பழைய மின்னஞ்சலைத் தோண்டி அந்த அட்டவணையை எடுத்து உட்கார்ந்தேன். செய்ய வேண்டிய வேலையை மூன்று வருடம் கழித்துச் செய்தேன். நூறு 3,834 ஆவது என்றால் வருடத்துக்கு 20 சதவீதக் கூட்டு வளர்ச்சி. கணக்கு சரிதான். ஆனால் தொடங்கிய மாதம், அந்தப் பங்கு பெரிய வீழ்ச்சியில் அடிமட்டத்தில் கிடந்த மாதம். அடுத்த ஒன்றரை வருடத்தில் விலை மூன்று மடங்கு ஆகியிருந்தது. எல்லோரும் வாங்கத் துணிந்த அந்த நேரத்திலிருந்து எண்ணினால் 20 சதவீதம் 15க்கு வந்தது.

அடுத்தது ரைட்ஸ், அதாவது ஏற்கெனவே பங்கு வைத்திருப்பவர்களுக்கு வங்கி விற்கும் புதுப் பங்கு. இடையில் இரண்டு முறை அந்த வங்கி ரைட்ஸ் வெளியிட்டிருக்கிறது. ரைட்ஸ் பங்கை வாங்க நாம் கையிலிருந்து காசு கட்ட வேண்டும். அட்டவணையில் அதைப் போனஸ் வரிசையில் போட்டு, சும்மா வந்த பங்காகக் கூட்டியிருந்தார்கள். கட்டிய காசைக் கழித்துப் பார்த்தால் 12க்கும் கீழே போனது. டிவிடெண்ட் முழுவதையும் அன்றைய விலைக்கே மறுபடி பங்கில் போட்டதாகவும் வைத்திருந்தார்கள். வரி என்ற பேச்சே இல்லை. 12 சதவீதம் மோசமில்லை, இருபது வருடத்தில் 9.6 மடங்கு. ஆனால் அதைச் சொல்லியிருந்தால் நான் சேமிப்பை ஒரே பங்கில் கொட்டியிருக்க மாட்டேன். 38 மடங்கு என்றதால்தான் கொட்டினேன்.

அப்புறம் அந்த யானை. 1926இல் தொடங்கிய லட்சுமி விலாஸ் வங்கி 2020 நவம்பரில் டிபிஎஸ் வங்கியோடு இணைக்கப்பட்டது. பணம் போட்டு வைத்திருந்தவர்களின் டெபாசிட் பத்திரமாகக் கைமாறியது. பங்கு வைத்திருந்தவர்களுக்குப் பூஜ்யம். பங்கு மூலதனம் முழுவதும் அழிக்கப்பட்டது. வங்கி போகாது என்று நாம் நம்புவது டெபாசிட்காரராக. வங்கி விழுந்தால் பணம் திரும்பக் கிடைக்கும் வரிசையில் பங்குக்காரர்தான் கடைசி ஆள். என் குழப்பம் முழுக்க இந்த இடத்தில்தான் இருந்தது, ஆலோசகர் அதை நன்றாகவே பயன்படுத்திக்கொண்டார்.

1856இல் பிறந்த சுவிட்சர்லாந்து வங்கி கிரெடிட் சுவிஸ் 2023 மார்ச்சில் ஒரு வார இறுதியில் போட்டி வங்கியான யூபிஎஸ் கைக்குப் போனது. 22.48 கிரெடிட் சுவிஸ் பங்குக்கு ஒரு யூபிஎஸ் பங்கு. அமெரிக்க வங்கியான சிட்டி குரூப் இன்னும் இருக்கிறது, ஆனால் 2006 கடைசியில் 55 டாலர் அளவில் இருந்த பங்கு 2009 மார்ச்சில் ஒரு டாலருக்குக் கீழே போனது. 2011இல் பத்துப் பங்கை ஒன்றாக்கினார்கள். இன்றைய வரைபடத்தில் அந்த 55 டாலர், 550 டாலராகத் தெரியும். 2009 மார்ச்சில் தொடங்கி அட்டவணை போட்டால் இதே சிட்டி குரூப் அற்புதப் பங்காகிவிடும். என் ஆலோசகர் கையில் கிடைத்தால் அதற்கும் மஞ்சள் அடிப்பார்.

இவ்வளவு ஆழமாக விழுவதற்குக் காரணம் வங்கித் தொழிலின் அமைப்பு. வங்கியின் 100 ரூபாய்ச் சொத்தில் பங்குதாரர் பணம் 8 என்றால் மீதி 92 அடுத்தவர் பணம். கடனில் 4 திரும்பி வராவிட்டால் பங்குதாரர் பணத்தில் பாதி போயிற்று. இதுவும் பின்னால் படித்துத் தெரிந்துகொண்டதுதான்.

வங்கிகளை விடுங்கள். 1926 முதலான அமெரிக்கப் பங்குகளை ஆராய்ந்த பேராசிரியர் ஹென்ட்ரிக் பெசம்பைண்டர், சந்தை உருவாக்கிய நிகரச் செல்வம் முழுவதும் சுமார் 4 சதவீதப் பங்குகளிலிருந்தே வந்தது என்று 2018இல் வெளியான கட்டுரையில் காட்டினார். பாதிக்கும் மேற்பட்ட பங்குகள் அரசின் ஒரு மாதக் கடன் பத்திரத்தைக்கூட ஜெயிக்கவில்லை. ஜெயித்தவற்றுக்கு மட்டும் அட்டவணை போடுகிறார்கள். தோற்றவற்றுக்கு யார் போடப் போகிறார்கள்?

ஆகவே யாராவது இப்படி ஓர் அட்டவணையை நீட்டினால், தொடங்கும் தேதியை ஒரு வருடம் முன்னும் பின்னும் தள்ளிக் கணக்குப் போடச் சொல்லுங்கள். ரைட்ஸ் காசு எங்கே என்று கேளுங்கள். விற்கும் பங்கின் அட்டவணைதானா என்று பாருங்கள், நான் பார்க்கவில்லை. முக்கியமாக, "உங்ககிட்ட இந்தப் பங்கு எத்தனை வருஷமா இருக்கு?" என்று கேளுங்கள். நான் மூன்று வருடம் கழித்துக் கேட்டேன். சிரித்தார். "நாங்க வாங்கறதில்ல சார், பாலிசி."

அவர் நிறுவனத்துக்குப் புகார் அனுப்பினேன். பதினைந்து நாள் கழித்து இரண்டு வரிப் பதில்: அட்டவணை கற்பனைக் கணக்கு என்பது அதிலேயே குறிப்பிடப்பட்டிருக்கிறதாம். போய்ப் பார்த்தேன். அந்தச் சாம்பல் நிறப் பொடி எழுத்து. 300 சதவீதம் பெரிதாக்கியதும் தெளிவாகவே இருந்தது.

பாதிப் பங்கை நட்டத்துக்கு விற்றுவிட்டேன், மீதி டிமேட் கணக்கில் (பங்குகளை வைத்திருக்கும் மின்னணுக் கணக்கு) கிடக்கிறது. போன வாரம் அவரிடமிருந்து ஒரு செய்தி வந்தது. வேறொரு வங்கி, அதே இருபது வருடம், அதே மஞ்சள். எனக்கு விற்ற வங்கிக்கு ஓர் அட்டவணை போட்டு அனுப்புங்கள் என்று பதில் எழுதினேன். இன்னும் வரவில்லை.