வீட்டில் தயாரிக்கும் தோல் சீரத்தில் வைட்டமின் சி: தூய அமிலமா, பாஸ்பேட் வடிவமா?

நீரில் கரைத்த தூய எல்-அஸ்கார்பிக் அமிலம் (வைட்டமின் சி-யின் தூய வடிவம்), காற்று, ஒளி, வெப்பம் ஆகிய மூன்றாலும் ஆக்சிஜனேற்றமடைந்து, முதலில் டீஹைட்ரோ அஸ்கார்பிக் அமிலமாகவும், பின்னர் மீளமுடியாத வகையில் டைகீட்டோகுலோனிக் அமிலமாகவும் சிதைகிறது. குழாய்நீரில் கலந்திருக்கும் நுண்ணளவு இரும்பும் செம்பும்கூட இந்தச் சிதைவை விரைவுபடுத்துவதால், காய்ச்சி வடித்த நீர் இங்கே கட்டாயமாகிறது. தூய அமிலம் தோலுக்குள் செல்ல, கரைசலின் பிஹெச் (அமிலத்தன்மையைக் காட்டும் அளவு; குறையக் குறைய அமிலத்தன்மை கூடும்) 3.5-க்குக் கீழே இருக்க வேண்டும் என்பதை 2001-இல் தோல் மருத்துவர் ஷெல்டன் பின்னெல் குழுவினர் வெளியிட்ட ஆய்வு காட்டியது. அதே குழுவினர் 2005-இல், 15 சதவீத வைட்டமின் சி, 1 சதவீத வைட்டமின் ஈ ஆகியவற்றுடன் தாவரங்களில் உள்ள ஆக்சிஜனேற்றத் தடுப்பானான ஃபெரூலிக் அமிலத்தை 0.5 சதவீதம் சேர்த்தால் கரைசலின் நிலைப்புத்தன்மை கூடுகிறது என்று நிறுவினர்.

பாஸ்பேட் வடிவமான மெக்னீசியம் அஸ்கார்பைல் பாஸ்பேட்டிலோ, எளிதில் ஆக்சிஜனேற்றமடையும் இடத்தைப் பாஸ்பேட் தொகுதி மறைத்துக் காப்பதால், பிஹெச் 7-ஐ ஒட்டிய கரைசலில் அது நெடுநாள் நிலைக்கிறது, எரிச்சலும் குறைவு. ஆனால் மேற்சொன்ன 2001 ஆய்வில், அது தோலின் வைட்டமின் சி அளவை உயர்த்தவில்லை.

பிஹெச் அளவிடும் கருவி இல்லாதவர்கள் தூய அமிலத்தைத் தொடவே வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. கருவி உள்ளவர்கள், சிறிதளவே கலந்து, பழுப்புநிறக் கண்ணாடிக் குப்பியில் குளிர்பதனப் பெட்டியில் வைத்து, கரைசல் பழுப்பேறியதும் தயங்காமல் கொட்டிவிட வேண்டும். பாஸ்பேட் கரைசலுக்கு, நுண்ணுயிர்கள் வளராதிருக்க, தகுந்த பதப்பொருளைச் சேர்ப்பது இன்றியமையாதது.