ரேடியோஹெட்டின் 'கிட் ஏ': கிட்டார் பின்வாங்கிய ஆல்பம்

1997இல் வெளியான 'ஓகே கம்ப்யூட்டர்' மூலம் கிட்டார் ராக் இசையின் உச்சத்தில் வைத்துப் போற்றப்பட்ட ஆங்கிலேய ராக் இசைக்குழுவான ரேடியோஹெட், 2000 அக்டோபரில் கிட்டாரைப் பின்தள்ளி மின்னணு ஒலிகளை நாடிய 'கிட் ஏ' ஆல்பத்தை வெளியிட்டபோது, ஆவலோடு காத்திருந்த ரசிகர்களில் ஒரு பகுதியினர் தாங்கள் கைவிடப்பட்டதாகவே உணர்ந்தார்கள். அந்த வருத்தத்தை ரசனைக் குறைவு என்று ஒதுக்குவது தவறு. ஆல்பத்திலிருந்து எந்தப் பாடலும் முன்கூட்டித் தனியாக வெளியாகவில்லை. வழக்கமான இசைக் காணொளியும் இல்லை. ஆகவே, மாற்றத்துக்குக் காதைப் பழக்கிக்கொள்ள அவர்களுக்கு வாய்ப்பே கிடைக்கவில்லை.

முதல் பாடல் சின்தசைசர் என்ற மின்னிசைக் கருவியின் சில சுரங்களையும், நறுக்கி அடுக்கப்பட்ட பாடகர் தாம் யார்க்கின் குரலையும் மட்டுமே நம்பி நிற்கிறது. இரண்டாவதில் குரல் உருமாற்றப்பட்டு, சொற்களே பிடிபடுவதில்லை. மூன்றாவதில் ஒரே பேஸ் கிட்டார் வரி விடாமல் சுழல, அதன்மேல் பித்தளை ஊதுகருவிகள் கட்டுப்பாடின்றி மோதுகின்றன. இந்த மூன்றையும் கடந்த பிறகு நான்காவது பாடலுக்கு வருபவர், குழு எதையும் தொலைத்துவிடவில்லை என்பதை உணர்வார். சாதாரண அக்கூஸ்டிக் கிட்டாரில் தொடங்கும் அந்தப் பாடலில், தேவாலயம் ஒன்றில் பதிவுசெய்யப்பட்ட வயலின் கூட்டமும் ஓந்த் மார்த்தனோ என்ற பழைய பிரெஞ்சு மின்னிசைக் கருவியின் விம்மலும் மெல்ல எழுந்து குரலைச் சூழ்ந்துகொள்கின்றன. வயலின் பகுதியை அமைத்தவரும் அந்தக் கருவியை வாசித்தவரும் குழுவின் முன்னணி கிட்டார் கலைஞரான ஜானி கிரீன்வுட்தான். கையிலிருந்த கருவி மாறியதே தவிர, முந்தைய ஆல்பத்தில் நம்மை உலுக்கிய அதே பதற்றம் இங்கே இன்னும் ஆழமாக ஒலிக்கிறது. ஆல்பத்தின் சிகரம் இதுவே என்பது என் உறுதியான கருத்து.

எட்டாவது பாடல் அதற்கு அடுத்த நிலையில் நிற்கிறது. அமெரிக்க இசையமைப்பாளர் பால் லான்ஸ்கி 1973இல் கணினியைக் கொண்டு அமைத்த இசைப்படைப்பிலிருந்து எடுத்த சிறு துணுக்கின்மீது வறண்ட டிரம் மெஷின் தாளம் ஓடுகிறது. நடனத்துக்குரிய அந்தத் தாளத்தில் பேரழிவின் அச்சத்தைப் பாட முடிந்தது பெரிய சாதனை. மாறாக, குழுவின் மற்றொரு கிட்டார் கலைஞரான எட் ஓ'பிரையனின் கிட்டார் ஒலியை இழுத்து நீட்டி உருவாக்கிய ஐந்தாவது துண்டு, கருத்தளவில் சுவையானதாக இருந்தாலும், முந்தைய பாடல் எழுப்பிய உணர்ச்சியைத் தணித்துவிடுகிறது. ஆறாவது பாடல் பழைய ரசிகர்களுக்கு ஆறுதல் தரும். எனினும் சுற்றியுள்ளவற்றோடு ஒப்பிட்டால் அது துணிவு குறைந்ததாகவே தோன்றுகிறது.

பத்துப் பாடல்களும் சேர்ந்து ஏறத்தாழ ஐம்பது நிமிடங்கள் ஓடுகின்றன. ஒருமுறை கேட்டு ஒதுக்கிவிட்டவர்கள், நல்ல ஹெட்போனில் நான்காவது பாடலிலிருந்து மீண்டும் தொடங்கிப் பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.