ஸ்டார்ட்டர் ரிவால்வர் வாங்கலாமான்னு கேட்ட வாத்தியாருக்கு

மலேசியாவுல நம்ம சுங்கை சிப்புட் பக்கம் இன்னொரு தமிழ்ப்பள்ளி வாத்தியார் மெசேஜ் போட்டிருந்தாரு, "சார் உங்க ஸ்டார்ட்டர் துப்பாக்கி எப்படி, நாங்களும் ஒன்னு எடுக்கலாமா"ன்னு. ஓட்டப்பந்தயம் தொடங்க சத்தம் மட்டும் போடற ரிவால்வர்தான் அது. எட்டு கேப் (வெடிமருந்துப் பொட்டு) வச்ச ரிங், டபுள் ஆக்‌ஷன் (ட்ரிகர இழுத்தாலே போதும், தனியா ஏத்தி வைக்க வேணாம்), அதெல்லாம் அவருக்கே தெரியும். நான் ட்ரிகர் கதைய மட்டும் சொல்றேன், ஸ்போர்ட்ஸ் டே வந்தாலே என் உசுர எடுக்கறது அதுதான்.

ட்ரிகர இழுக்க இழுக்க உள்ள ஒரு சின்ன நெம்பு மேல ஏறி சிலிண்டர் (கேப் ரிங் உக்காந்து சுத்துற உருளை) பின்னாடி இருக்குற பல்லைத் தள்ளி அடுத்த கேப்பைக் கொண்டாரும், அதே இழுப்புலதான் கேப்ப அடிக்கற சுத்தியலான ஹேமரும் ஸ்பிரிங்க அமுக்கிக்கிட்டு பின்னால போவும், கடைசியில கொக்கி நழுவுனதும் டமால். பாரம் பூரா ஒத்த விரல்ல. நெஜ .38 ரிவால்வர்லயே இப்படி இழுக்க 5 கிலோ கிட்ட ஆவும், கட்டைவிரலால ஹேமர முதல்லயே ஏத்தி வச்சிட்டா 2 கிலோ கூட வேணாம்.

பாரம் கூட பரவால்ல, விரல் பழகிடும். ஹேமர் விழறதுக்கு சத்த முன்னாடி சிலிண்டர் பூட்டு பள்ளத்துல போய் உக்காரும் பாருங்க, "டக்"குனு, அங்கதான் வம்பு. "செடியா" (மலாய்ல 'தயார்') சொன்னதும் பாடாங்கே, அதாவது திடலே கப்சிப், முதல் லேன்ல என் காலடியில குனிஞ்சிருக்குற அஞ்சாம் ஆண்டுப் பையன் அந்த டக்குக்கே ஓடிடறான்! பெரிய போட்டியில வெடிச்சு 0.1 செகண்டுக்குள்ள கெளம்புனாலே ஃபால்ஸ் ஸ்டார்ட், இவன் வெடிக்கறதுக்கு முன்னாடியே நாலு எட்டு வச்சிட்டு "சத்தம் கேட்டுச்சு சார்"ங்கறான். பொய்யும் இல்லியே, என்னத்த திட்டறது.

ஹேமர ஏத்தி வச்சுக்கிட்டா டக் முன்னாடியே முடிஞ்சிரும். 1851ல ராபர்ட் ஆடம்ஸ்ங்கறவரு செஞ்ச ரிவால்வர்ல அந்த வசதியே கெடையாது, இழுத்துதான் சுடணும், பின்னாடி போமான்ட்டுன்னு ஒரு மகராசன் ரெண்டு வழியும் வச்சான். ஆனா நம்ம வெயில்ல கட்டைவிரல் வேர்த்து வழுக்குது, ஏத்துனப்புறம் ட்ரிகர் அவ்ளோ லேசு, தொட்டாலே வெடிக்கும், செடியா சொல்ற வரைக்கும் விரல உள்ள விடவே பயம்.

நல்லதையும் சொல்லணும்ல. ஈரத்துல ஒரு கேப் புஸ்ஸுன்னு போனா தொறந்து மாத்த வேணாம், மறுபடி இழுத்தா அடுத்தது ரெடி. 100 மீட்டர் தாண்டி சத்தம் போவ 0.3 செகண்ட் ஆவும், அதனால வாட்ச் புடிக்கறவங்க புகையத்தான் பாக்கணும், பின்னாடி கறுப்புப் பலகை புடிச்சா புகை நல்லாவே தெரியுது. நெம்பு ஸ்பிரிங் தளந்து சிலிண்டர் பாதியில நின்னப்ப நம்ம டவுன் பூட்டுக்கடை அண்ணே பக்கத் தகட்டைக் கழட்டி வேற ஸ்பிரிங் போட்டு எண்ணெய் விட்டுக் குடுத்தாரு, இப்ப இழுப்பு வெண்ணெய். அந்த டக் மட்டும் முன்னவிட கணீர்னு கேக்குது, எங்க போயி சொல்ல!

போலித் துப்பாக்கிய வச்சு மெரட்டுனாலும் மலேசியாவோட 1971 துப்பாக்கிச் சட்டத்துல உள்ள தள்ளிருவாங்க, அதனால எங்களோடது எப்பவும் தலைமையாசிரியர் அலமாரியில பூட்டுல. இந்தத் தொல்லையெல்லாம் உங்களுக்கு எதுக்கு சார், வாங்காதீங்க, கீல் வச்ச ரெண்டு பலகைய தலைக்கு மேல அடிச்சாலே புள்ளைங்க ஓடும், வாட்ச்காரங்களும் பலகை மூடறதப் பாத்து அமுக்கிக்குவாங்க.

அப்புறம் எங்களோடத இரவல் கேட்டுராதீங்க, தரமாட்டேன்.